பென்சில் படாத முகம்

மார்ச் 9

அண்ணி,

உங்கள் தம்பி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். என் விருப்பத்தில் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "நீயே கேளு. நான் கேட்டா அக்கா அழுதுடுவா" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மாடி லிஃப்டின் வயிற்றுக்குள் இறங்கிப் பழுது பார்க்கிற மனிதருக்கு, அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியம் இல்லை.

விஷயம் இதுதான். குட்டியை ஆஸ்பத்திரியின் பிளவு உதட்டுப் பிரிவில் காட்டினோம். எடை சரியாக ஏறினால் ஜூன் மாதம் உதட்டைத் தைப்பார்களாம். வாய்க்குள் மேலண்ணமும் பிளந்திருக்கிறது. அதை ஒரு வயதுக்குப் பக்கத்தில் மூடுவார்களாம். அங்கிருந்த டாக்டரம்மா, இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறைக்குள் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். என் பக்கத்தில் பெரியப்பா வீடு வரை விசாரித்துவிட்டேன். யாருக்கும் இல்லை. உங்கள் பக்கம் உங்களுக்குத்தான் தெரியும். மாமியார், மாமனார் இருவரையும் நான் பார்த்ததில்லை. மாமனார் போனபோது உங்கள் தம்பிக்கே நாலு வயது. பழைய படம் இருந்தாலும் அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா.

குட்டி நன்றாக இருக்கிறாள். மூக்கில் பால் ஏறிவிடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, அமுக்கினால் மட்டும் சொட்டும் பாட்டிலில் கொடுக்கிறேன். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பிற்பகலில் திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக வடிந்து வரும். அந்த நேரத்தில் வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றும். குடிப்பது யார், கொடுப்பது யார் என்றுகூட மறந்துபோகிறது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான் தூங்கவில்லை. கண்ணை மூடித்தான் படுத்திருந்தேன். நர்ஸிடம் நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது. "வலிப்பு மாத்திரைய முழுங்கிக்கிட்டே பெத்தா புள்ள வேற எப்படி இருக்கும்?" பதினோரு வயதிலிருந்து அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன், அண்ணி. அதை மறைத்துவிட்டு உங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பியது அதனால்தான். தயவுசெய்து இப்போதைக்கு வர வேண்டாம்.

தம்பி மனைவி


மார்ச் 17

அன்புள்ள லைப்ரரிக்கு,

நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நான் வைத்த பட்டப்பெயர். இப்போது இப்படிக் கூப்பிட்டால் எரிச்சல் வரும் என்று தெரியும். வேறு மாதிரி உனக்கு எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய். சொல்லவே இல்லை என்று சாதிக்கப் போவதில்லை. என் நாக்கு எப்போதும் புத்திக்கு நாலடி முன்னால் ஓடும். ஆனால் மாத்திரை கருவைப் பாதிக்கலாம் என்று நானா கண்டுபிடித்தேன்? உன் டாக்டர்களே சொல்வதுதானே. அதைச் சொன்ன இடம் தப்பு, சொன்ன ஆள் தப்பு. அவ்வளவுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடியும்.

எங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லை. அப்பா படம் ஒன்று வைத்திருக்கிறேன். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர் என்பது உனக்குத் தெரியும். படத்தைப் பார், எவ்வளவு கம்பீரம். அம்மாவின் படமும் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லையே நீ. குழந்தைக்கு நாலு சட்டை. இங்கே நான் வேலை பார்க்கிற போட்டோ ஸ்டூடியோவில் பொம்மைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பொம்மையைக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று மதியம் சாய்வு மேசையின் முன்னாலேயே கண் அயர்ந்துவிட்டேன். அப்பா கனவில் வந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, ஈய எழுத்து ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏதோ வார்த்தை கோர்க்கிறார் போலிருக்கிறது. படிப்பதற்குள் மொதலாளி தும்மிவிட்டார். ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

குழந்தையைப் பால் குடித்த உடனே படுக்கப் போடாதே.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டரம்மா மாமனார் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நேரான உதடு. இவ்வளவு நேரா யாருக்கும் இருக்காதே" என்று சிரித்தார். பிறகு தாளில் "இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. வயிற்றுக்குள் முகம் முழுசாக வளர்வதில்லையாம். இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டு துண்டாக நகர்ந்து வந்து, மேலிருந்து இறங்கும் இன்னொரு துண்டோடு நடுவில் சேருமாம். ஆறு ஏழு வாரத்தில் உதடு சேர்ந்துவிடும். அண்ணம் அதற்குப் பிறகு. நாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு மடிப்பு தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு கொஞ்சம் கீழே இறங்கி இடம் விட்டதும், அவை எழுந்து படுத்து ஒன்றையொன்று தொடும். நம் எல்லாருக்கும் அப்படித்தானாம். மூக்குக்குக் கீழே இருக்கிற பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். எனக்கு அதைத் தொடும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது. யாரும் பார்க்காத இருட்டில், இரண்டு பக்கமும் தடவித் தடவி நடுவில் வந்து சேர்ந்திருக்கின்றன. குட்டிக்கு மட்டும் ஒரு பக்கம் வந்து காத்திருந்து, மறுபக்கம் வந்து சேரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது ஜூலை மாதம். நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை எழுதுவதுபோல, ஜூலையில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை எழுதினேன். முப்பத்தொன்று. என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், எதை முகர்ந்தேன். மூன்றாம் தேதி வாசிப்பு அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பத்தும் பதினொன்றும் காய்ச்சல். எல்லா அட்டையிலும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று மாத்திரை. கர்ப்பம் என்றே எனக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. எத்தனை முறை அடுக்கிப் பார்த்தாலும் கடைசியில் நீங்கள் சொன்ன வாக்கியம்தான் வருகிறது.

அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே. உங்கள் தம்பிக்குத் தெரியாது. தினமும் இரண்டையும் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிறேன். என் குழந்தையின் வாயைக் கிழித்ததை என் வாயில் எப்படிப் போட்டுக்கொள்வேன்?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் வெயில் அலமாரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால் வெயில் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. பாட்டில் தரையில் கிடந்தது. குட்டி என் மடியின் விளிம்பில் இருந்தாள், அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு. இடையில் நான் எங்கே போனேன் என்று தெரியவில்லை. பயமாக இல்லை, அதுதான் விசித்திரம். எல்லாம் அமைதியாக இருந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொந்த அம்மாவிடம் சொன்னால் ஓடி வந்துவிடுவாள். நீங்கள் என்றால் வர மாட்டீர்கள். அவரிடம் சொல்லாதீர்கள்.

தம்பி மனைவி


ஏப்ரல் 2

அம்மாடி,

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. படித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதே, போய்விட்டு வந்து மீதியைப் படி. இந்தக் கடிதம் வருவதற்குள் தம்பிக்குத் தந்தி கிடைத்திருக்கும். "அவளைத் தனியே விடாதே, மாத்திரை நிறுத்தியிருக்கிறாள்" என்று கொடுத்தேன். சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் ஆயுசு முழுக்கத் திட்டிக்கொள்.

இனி நான் சொல்ல வேண்டியது.

நான் உனக்கு அனுப்பிய முகம் அப்பாவுடையது இல்லை. நான் வரைந்தது.

அப்பா பிறந்தபோதே மேலுதடு பிளந்திருந்தது. எட்டு வயதில் யாரோ ஒரு டாக்டர் கோணிப்பை தைப்பதுபோல இழுத்துத் தைத்தார். அண்ணத்தை யாரும் தொடவில்லை. மூக்கால்தான் பேசுவார். அதனால் பேசாமல் இருக்கிற வேலையாகப் பார்த்துக்கொண்டார். தழும்பு இருந்த இடத்தில் மீசை முளைக்காது. வெளியே போனால் எப்போதும் கைக்குட்டை.

எனக்குப் பதினேழு வயது. இதே ஸ்டூடியோவில், முகத்தில் உள்ள குறையை நெகட்டிவிலேயே பென்சிலால் மறைக்கிற டச் வேலை அப்போதுதான் பழகியிருந்தேன். அப்பாவுக்கு நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. ஒரு நாள் தலை வாரிக்கொண்டு அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே படம். "பையனுக்கு நெனவு தெரியறதுக்குள்ள நான் போயிடுவேன்மா. அவன் பாக்கப்போற அப்பாவுக்கு நல்ல வாயா இருக்கட்டும்" என்றார். எனக்கு மட்டும்தான் அவர் பேச்சு முழுசாகப் புரியும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நிழல் விழுந்த இடம் வெறும் கண்ணாடியாகத் தெரியும். அங்கே ஊசி முனைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் படத்தில் வெளுத்துவிடும். மூன்று நாள் வைத்தேன். அப்பாவின் உதட்டை நான் சேர்த்துவைத்தேன். நான் நன்றாகச் செய்த முதல் வேலை அது. பார்த்து அப்பா அழுதார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பென்சில் தொடுவதற்கு முன்னால் ஒரு பிரதி போட்டு நெகட்டிவ் உறைக்குள் வைத்துவிடுவோம். "இது நான் இல்ல" என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. இத்தனை வருஷத்தில் டச் செய்த படத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. உறைக்குள் இருப்பதைக் காட்டினால்தான் சொல்கிறார்கள். அப்பாவின் அந்தப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் காட்டு, அந்த "இல்லை"யை அடிக்கச் சொல்.

இன்னும் இருக்கிறது. தம்பியின் மீசையை விலக்கிப் பார். இடது பக்கம் மெல்லிசாக ஒரு கோடு. பிறக்கும்போதே இருந்தது. சின்ன வயதில் கேட்டான், "வாசப்படியில விழுந்துட்டேடா" என்று சொல்லிவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் துணியை விலக்கிப் பார்த்தபோது அங்கே அப்பா படுத்திருந்தார். நான் இருபத்தாறு வருஷம் பென்சிலால் மூடிவைத்த வாய், கொட்டாவி விட்டது. யார் தலையிலாவது போட்டுவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நீ படுத்திருந்தாய்.

நான் பாவி. இதற்கு மேல் அலங்காரமாக எழுத வரவில்லை.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணி,

மாத்திரை சாப்பிடுகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி தந்தியோடு வந்தவர், ஒரு வாரம் லிஃப்டுகளை அந்தரத்தில் விட்டுவிட்டு என் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். நான் இல்லை, உங்கள் ரத்தம்! அறைக்குள் அங்கும் இங்கும் நடந்து அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது. ஆறு வாரம், அண்ணி. ஒரு பென்சில் கோட்டுக்காக என்னை ஆறு வாரம் கொலைகாரியாக உட்காரவைத்தீர்கள். குட்டி அன்றைக்கு மடியிலிருந்து விழுந்திருந்தால் அதற்கு எந்தப் பென்சில் வைத்திருப்பீர்கள்?

டாக்டரம்மாவிடம் அந்தப் பிரதியைக் கொடுத்தேன். எவ்வளவு உங்கள் குடும்பம், எவ்வளவு மாத்திரை என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படிப் பிரிக்க முடியாதும்மா. ஒரே ஒரு ஜீன் இல்ல, பல ஜீன் கொஞ்சம் கொஞ்சமா சேரணும். அதோட மாத்திரை, காய்ச்சல், சத்துக்குறைவு, நமக்கே தெரியாத ஏதோ ஒண்ணு. எல்லாம் அந்த ரெண்டு வாரத்துக்குள்ள கூடிவரணும். இதே மாத்திரை சாப்பிட்ட எத்தனையோ பேருக்கு ஒண்ணும் ஆகல. உங்க வீட்டுக்காரர் மாதிரி கோடோட நின்னுபோனவங்களும் இருக்காங்க" என்றார். கர்ப்பத்தின்போது நான் நிறுத்தியிருந்தால் வலிப்பிலேயே இரண்டு பேரும் போயிருக்கலாம் என்றும் சொன்னார். இப்போது வேறு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார். இன்னொரு குழந்தை என்று நினைத்தால், அதற்கு முன்பே வந்து ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்க வேண்டுமாம். அப்போதும் உறுதி எதுவும் கிடையாதாம்.

பழியை உங்கள் பக்கம் தள்ளிவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் திரும்பி வந்தேன்.

உங்கள் தம்பிதான் வேடிக்கை. மாமனாரின் உண்மை முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்பா இவ்ளோ சாதுவா" என்று மட்டும் சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று மீசையை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஆனால் வாசப்படியை மட்டும் விடமாட்டேன் என்கிறார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரத்தம் கொட்டுச்சு. அக்கா என்னைத் தூக்கிட்டுத் தெரு முழுக்க ஓடினா. அவ சட்டையெல்லாம் ரத்தம்." விழவே இல்லையாம் என்று சொன்னால் குழந்தை மாதிரி முகம் வாடுகிறது. இதற்கு நான் என்ன செய்யட்டும்?

நீங்கள் வர வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அவர் குட்டியை அங்கே தூக்கிக்கொண்டு வருவார். அதை நான் தடுக்கவில்லை.

தம்பி மனைவி


மே 22

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை தம்பி குட்டியோடு வந்தான். பாட்டில், துண்டு, உன் கையெழுத்தில் எட்டுக் கட்டளை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம்.

அவன் என் சட்டையில் ரத்தம் பார்த்தது பொய்யில்லை. அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவர் இருமிய ரத்தம் என்மேல்தான் இருந்தது. அப்போது தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவன் குட்டிக்கு வாசப்படிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன். நான் செய்தது சரியா என்று நீ சொல்.

ஸ்டூடியோவைக் காட்டத் தூக்கிக்கொண்டு போனேன். மேலே இருக்கிற பெரிய கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் பால் மாதிரி இறங்கும். அதைப் பார்த்துக் குட்டி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. அப்பா வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிளவு அகலமாக விரிந்து, மூக்கு ஒரு பக்கம் படுத்து, முகம் முழுக்க வாயாகி, ஒளிவுமறைவே இல்லாமல் ஒரு சிரிப்பு. தம்பியிடம் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தேன்.

நெகட்டிவ் காய்ந்ததும் மொதலாளி கேட்டார், "ஏம்மா, இதுக்கு டச் பண்ணலையா?"

"இல்ல சார்."

"ஏன்?"

நெகட்டிவை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க எந்தப் பென்சிலையும் கூராக்கவில்லை நான்.

படம் இங்கேதான் இருக்கிறது. ஜூன் நாலாம் தேதி தைத்த பிறகு புது முகம் வந்துவிடும். பழையதைப் பார்க்கப் பிடிக்காது என்றால் சொல், கிழித்துவிடுகிறேன். எனக்குக் கிழிக்க மனசு வராது, ஆனாலும் கிழிப்பேன்.

அண்ணி


ஜூன் 13

அண்ணி,

நாலாம் தேதி தைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்தாயிற்று. நேர்த்தியான கை. உங்களுக்குக்கூடப் பிடிக்கும்.

அன்றைக்கு நடந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தியேட்டரிலிருந்து அவளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். மயக்கத்தில் இருந்தாள். துணிக்குள் ஒரு அழகான குழந்தை, சின்னதாக, மூடிய உதடுகளோடு. உலகத்தில் உள்ள எல்லாக் குழந்தைகளையும்போல. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் தம்பி பதறிப்போனார். "ஏன்டி அழற? எவ்ளோ அழகா வந்திருக்கு பாரு." சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ்கூடத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சந்தோஷமே இல்லை, அண்ணி. என் குழந்தையைக் காணவில்லை. ஏப்ரல் மாதத்திலிருந்து ஒவ்வொரு பிற்பகலும் அந்த மஞ்சள் வெயிலில் என்னைப் பார்த்துச் சிரித்தவளைக் காணவில்லை. அந்த அகலமான வாயைத் தேடினேன். கையில் வைத்துக்கொண்டே தேடினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் இது யார் செய்த தப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நானா, மாத்திரையா, காய்ச்சலா, நீங்களா, உங்கள் அப்பாவா. அந்தத் தப்பைத்தான் தினமும் முத்தமிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது போன பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

நேற்று அவள் புது வாயால் முதல் தடவை சிரித்தாள். இழுத்துப் பிடித்துக்கொண்டு, கோணலாக, வலிக்குமோ என்று பயந்தபடி. இதுவும் பழகிவிடும். இதையும் நேசிப்பேன், சந்தேகமில்லை. ஆனால் பழைய சிரிப்பு எப்படி இருந்தது என்று கண்ணை மூடிப் பார்த்தால், பத்து நாளுக்குள்ளேயே கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது.

அந்தப் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். தபாலில் போட்டால் மடங்கிவிடும். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

லைப்ரரி